முதல் வில் ஏன் ஒடிகிறது?

கையால் மர வில் செய்வது பற்றிக் கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். படிக்கும் முன் சில சொற்கள். வில்லின் முதுகு என்றால் இலக்கைப் பார்க்கும் பக்கம், வயிறு என்றால் எய்பவரைப் பார்க்கும் பக்கம். பிடிக்கு மேலே இருப்பது மேல்கை, கீழே இருப்பது கீழ்கை. இரண்டு கைகளும் ஒரே சீராக வளையும்வரை மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும் வேலைக்கு டில்லரிங் என்று பெயர்.

கேள்வி: வில் என்றால் யூ மரம்தான் என்கிறார்கள். எனக்கு அது கிடைக்க வழியே இல்லை. மரக்கடையில் கிடைக்கும் பலகையில் முதல் வில்லைச் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். யூ அருமையான மரம், அதை மறுக்க மாட்டேன். வெளியே இருக்கும் வெளிர்மரம் இழுவையைத் தாங்கும், உள்ளே இருக்கும் வைரம் அழுத்தத்தைத் தாங்கும், இரண்டும் ஒரே கட்டையில் ஒட்டிப் பிறந்திருக்கும். 1545-ல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலிலிருந்து எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட விற்கள் யூ மரத்தில் செய்தவைதான். ஆனால் அவற்றைவிடப் பல ஆயிரம் ஆண்டு பழைய விற்கள் டென்மார்க்கில் ஹோல்மகோர் என்ற சதுப்பு நிலத்தில் கிடைத்திருக்கின்றன, அவை எல்ம் மரம். ஹிக்கரி, ஆஷ், வெள்ளை ஓக், கெட்டி மேப்பிள் எல்லாமே முதல் வில்லுக்கு நன்றாக ஒத்துழைக்கும். அதிலும் ஹிக்கரி கற்றுக்கொள்பவரின் தவறுகளை நிறையவே பொறுத்துக்கொள்ளும்.

என்ன மரம் என்பதைவிட அதன் ரேகை எப்படி ஓடுகிறது என்பதைப் பாருங்கள். பலகையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து அகலப் பக்கத்தையும் விளிம்பையும் பார்க்க வேண்டும். கோடுகள் ஒரு முனையில் தொடங்கி மறு முனைவரை பலகைக்குள்ளேயே போகிறதா? பாதி வழியில் ஒரு கோடு விளிம்பைத் தாண்டி வெளியே ஓடிவிட்டால் அந்த இடத்தில்தான் பின்னால் சிராய் கிளம்பும், அதைத் திருப்பி வைத்துவிடுங்கள். மொட்டுக் கணு ஒன்று இருந்தாலும் வேண்டாம். இருபது பலகை புரட்டினால் ஒன்று தேறும், அதற்குக் கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, புரட்டுங்கள்.

சூளையில் உலர்த்திய பலகை என்றால் ஈரத்தைப் பற்றிய கவலை குறைவு. பச்சை மரத்திலிருந்து நீங்களே பிளந்து எடுத்ததாக இருந்தால், வெட்டிய உடனே இரண்டு முனைகளிலும் பசையோ மெழுகோ பூசிவிடுங்கள், இல்லையென்றால் முனையிலிருந்து வெடிப்பு ஓடும். தோராயமாக வில் வடிவத்துக்குச் செதுக்கி நிழலில் வைத்து, வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் எடை போடுங்கள். சில வாரம் தொடர்ந்து எடை குறையாமல் நின்றால் மரம் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஈரம் 8 முதல் 10 சதவீதத்தில் இருந்தால் நல்லது. ஈர மரத்தை வளைத்தால் ஒடியாது, ஆனால் வளைந்தபடியே நின்றுவிடும், அப்புறம் அதில் வேகம் இருக்காது.

கேள்வி: 66 அங்குல நீளம், பிடிக்குப் பக்கத்தில் 2 அங்குல அகலம், முனையில் அரை அங்குலம் என்று அளவெல்லாம் சரியாகத்தான் வைத்தேன். 20 அங்குலம் இழுத்தபோது மேல்கை படாரென்று ஒடிந்துவிட்டது. பிடியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஒடிவு. மரம் மோசமா, நான் செய்தது தப்பா?

ஒடிந்த துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பதில் அதில்தான் இருக்கிறது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒடிவு முதுகில் தொடங்கி நீளச் சிராயாகச் சாய்வாக ஓடியிருந்தால், பெரும்பாலும் ரேகை வெளியே ஓடிய இடம் அது. வயிற்றுப் பக்கத்தில், ஒடிவுக்கு அருகே, தோலில் சுருக்கம் விழுந்ததுபோல் குறுக்கே மெல்லிய கோடுகள் தெரிந்தால் அங்கே மரம் நசுங்கியிருக்கிறது. அந்த ஓர் இடம் மட்டும் கதவுக் கீல் மாதிரி மடங்கியிருக்கிறது. நீங்கள் சொல்லும் இடத்தைப் பார்த்தால் கீல்தான் என்று தோன்றுகிறது.

கீல் எப்படி வருகிறது என்பது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அகலத்தைப் பாதியாக்கினால் மரத்தின் விறைப்பும் பாதியாகும், அவ்வளவுதான். தடிமன் அப்படியில்லை, அது கன மடங்கில் வேலை செய்கிறது. தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். 10 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் எடுத்தால்கூட விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். அரம் கொஞ்சம் அழுந்திவிட்டது, ஓர் இடத்தில் நாலு தடவை அதிகமாக இழுத்துவிட்டோம், அவ்வளவு போதும். அந்த இடம் மற்ற இடங்களைவிட அதிகமாக வளையும், அதிகமாக வளைவதால் இன்னும் நசுங்கும், நசுங்க நசுங்க இன்னும் வளையும், மற்ற இடமெல்லாம் சும்மா நிற்கும்.

அதனால் நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் முதலில் சொல்வது இதுதான்: கண்ணுக்கு ஒரு கோணல் தெரிந்துவிட்டால் அதைச் சரிசெய்யும்வரை ஓர் அங்குலம்கூட மேலே இழுக்கக் கூடாது. எவ்வளவு தூரம் போகும் பார்ப்போம் என்று இழுப்பதில்தான் முக்கால்வாசி முதல் விற்கள் போகின்றன. என் முதல் வில்லும் அப்படித்தான் போனது. மேல்கையில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது, காதில் விழுந்தது, நாணை இறக்கிப் பார்க்காமல் இன்னொரு முறை இழுத்தேன். ஆறு வாரம் வேலை செய்த கட்டை இரண்டாகிக் கையில் நின்றது, இன்றைக்கும் அந்தச் சத்தம் நினைவில் இருக்கிறது.

அடுத்த கட்டையில் இப்படிச் செய்து பாருங்கள். முதலில் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, பிடியில் மெல்ல அழுத்தி, கை எப்படி வளைகிறது என்று பாருங்கள். இரண்டு கையும் ஓரளவு வளையத் தொடங்கியதும் தளர்வான நீள நாண் மாட்டி, சுவரில் ஒரு தாங்கியில் வில்லை வைத்து, கப்பி வழியாகக் கயிறு போட்டு, ஏழெட்டு அடி தள்ளி நின்று இழுங்கள். தள்ளி நிற்பது ஒடிந்தால் முகத்துக்குப் பாதுகாப்பு, அதைவிட முக்கியமாக அங்கிருந்துதான் முழு வளைவும் தெரியும். கைபேசியில் ஒரு படம் எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், நேரில் தெரியாத கோணல் பளிச்சென்று தெரியும்.

எங்கே சுரண்ட வேண்டும் என்பதற்கு எளிய கருவி ஒன்று உண்டு. ஆறு அங்குல நேரான கட்டை, நடுவில் ஓட்டை, அதில் ஒரு பென்சில். வில்லைக் கொஞ்சம் வளைத்த நிலையில் நிறுத்தி, கட்டையை வயிற்றின் மேல் வைத்தால் இரண்டு முனையும் மரத்தைத் தொடும், நடுவில் இடைவெளி இருக்கும். அதிகம் வளையும் இடத்தில் பென்சில் நுனி மரத்தை மயிரிழையில் தொடாமல் இருக்கும்படி இறுக்கிவிட்டு, அப்படியே கை நெடுக நகர்த்துங்கள். விறைப்பான இடம் வந்ததும் பென்சில் தானே கோடு போட்டுவிடும். கோடு விழுந்த இடத்தை மட்டும் சுரண்ட வேண்டும். கீல் விழுந்த இடத்தைத் தொடவே கூடாது, அதன் இரண்டு பக்கமும் சுரண்டி அதற்குச் சமமாகக் கொண்டுவர வேண்டும். எல்லாச் சுரண்டலும் வயிற்றில்தான், முதுகில் இல்லை.

பத்துப் பதினைந்து முறை சுரண்டியதும், அப்போது இருக்கும் இழுப்பு அளவிலேயே இருபது முப்பது தடவை இழுத்து விடுங்கள். மரம் உடனே பதில் சொல்லாது, கொஞ்சம் வேலை வாங்கிய பிறகுதான் புது வளைவு வெளியே வரும். இழுப்பு எடையையும், அதாவது நாணை இழுக்கத் தேவைப்படும் விசையையும், கவனியுங்கள். உங்கள் குறி 35 பவுண்டு என்றால், இழுப்பு 12 அங்குலத்திலேயே 35 வந்துவிட்டதா, அங்கேயே நில்லுங்கள். சுரண்டி, 14 அங்குலத்தில் 35, அப்புறம் 16-ல் 35 என்று போங்கள். கடைசிவரை அந்த மரம் 35-க்கு மேல் ஒரு பவுண்டுகூடப் பார்த்திருக்காது. முதல் வில்லுக்கு 30 முதல் 40-க்குள் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: நாணுக்கு நைலான் கயிறு போதாதா?

வேண்டாம், நைலான் ரப்பர் மாதிரி நீளும். டாக்ரான் என்ற பாலியஸ்டர் நூலைக் கேட்டு வாங்கி முறுக்குங்கள்.

கேள்வி: வில்லில் ஒரு விரிசல் தெரிகிறது. பசை போட்டு ஒட்டலாமா?

விரிசல் எந்தத் திசையில் இருக்கிறது? ரேகையோடு சேர்ந்து நீளவாக்கில், காயும்போது விழுந்ததாக இருந்தால் நீர்ப்பான பசையை ஊற்றிப் பெரும்பாலும் ஒட்டிவிடலாம். முதுகில் குறுக்கே போகிறது, அல்லது ஒரு சிராய் எழும்பி நிற்கிறது என்றால் அந்த வில்லை இனி இழுக்காதீர்கள். பசையை நம்பி முகத்துக்கு நேரே இழுக்கும் பொருள் அல்ல அது.

கேள்வி: நாலு மாதமாகச் செய்கிறேன், இன்னும் முடியவில்லை. வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். விட்டுவிடலாமா?

விடாதீர்கள். 1991-ல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் ஐயாயிரம் ஆண்டுக்கும் முந்தைய ஒரு மனிதரின் உடல் கிடைத்ததே, ஓட்சி என்று பெயர் வைத்தார்கள், அவரோடு ஆறடி நீள யூ வில் ஒன்றும் கிடைத்தது. அது முடியாத வில். கோடரி கொத்திய தடம் மரத்தின் மேல் அப்படியே இருக்கிறது, நாண் மாட்ட வெட்டுகூட இன்னும் போடவில்லை. அந்தத் தடங்களின் படத்தை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன், நம் கட்டை செதுக்கும்போது விழும் அதே தடங்கள்தான். நாலு மாதம் ஒன்றும் அதிகமில்லை. அலுத்துப்போன நாளில் கட்டையைத் தொடாமல் இருப்பதும் நல்லதுதான், அவசரத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகப் போனால் திருப்பி ஒட்ட முடியாது.

கேள்வி: முடித்துவிட்டேன்! இனி எப்படிப் பார்த்துக்கொள்வது?

ரொம்பச் சந்தோஷம். அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடவே விடாதீர்கள், அம்பு எடுத்துக்கொண்டு போக வேண்டிய விசை முழுவதும் மரத்துக்குள்ளேயே திரும்பிவிடும். எய்து முடித்ததும் நாணைக் கழற்றிவிட்டுப் படுக்கை வாக்கில் வையுங்கள், மூலையில் சாய்த்து வைக்க வேண்டாம். ஆளி விதை எண்ணெய் மெல்லியதாகப் பூசிக் காயவிட்டு, இரண்டு மூன்று முறை திரும்பப் பூசுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், அது தானே சூடேறித் தீப்பிடிக்கும், வெளியே விரித்துக் காயப்போடுங்கள். நாண் கழற்றிய பிறகும் வில் முனைகள் ஒன்றரை அங்குலம்வரை உள்ளே வளைந்து நிற்கும், முதல் வில்லுக்கு அது நல்ல அளவுதான். அந்த அளவைப் பிடியில் பென்சிலால் தேதியோடு எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அளந்து பார்க்கும்போது அது கூடியிருந்தால் எனக்கு எழுதுங்கள்.