முழங்கால் அறுவைக்குப் பழைய விபத்துதான் காரணம் என்று காட்டுவது எப்படி?

பெங்களூரு பீன்யாவில் உள்ள பட்டறையில் 2024 ஆகஸ்டில் விழுந்து இடது முழங்கால் திருகிக்கொண்டது, இப்போது ஜவ்வுக் கிழிசலுக்கு அறுவை சிகிச்சை, நிறுவனமோ 'வயதுத் தேய்மானம்' என்று கைகழுவுகிறது என எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் கோபம் வந்தது. என் அண்ணனிடமும் இதையேதான் சொன்னார்கள்.

விழுந்த அன்று உங்களை உள்நோயாளியாகச் சேர்த்த மருத்துவமனையில் கேஸ் ஷீட்டை, அதாவது உங்கள் சிகிச்சைப் பதிவை, எழுத்து மூலம் கேளுங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. ஆனால் மூன்று ஆண்டுகள்தான் வைத்திருக்கக் கடமை, தள்ளிப்போடாதீர்கள். "வேலையிடத்தில் விழுந்தார், இடது முழங்கால்" என்ற ஒரு வரி அதில் இருந்தால் உங்கள் வழக்குக்கு அதுவே வேர்.

அன்றைய எம்.ஆர்.ஐ. படத்தையும் தேடி எடுங்கள். எலும்புக்குள் கன்றிய அடையாளம் புதுக்காயத்தில் தெரியும், சில மாதங்களில் மறைந்துவிடும். பழைய படத்தின் மதிப்பு அதில்தான். அறுவை செய்த டாக்டரிடம் அன்றைய படம், இப்போதைய படம் இரண்டையும் காட்டி, விபத்தால் கிழிந்ததா, இருந்த தேய்மானத்தை விபத்து மோசமாக்கியதா என்று காரணத்துடன் எழுதித் தரச் சொல்லுங்கள். "இருக்கலாம்" என்று மட்டும் எழுதினால் போதாது. இடைப்பட்ட மாதங்களின் பிசியோதெரபி ரசீது, மருந்துச் சீட்டு, விடுப்புக் கடிதம் எதையும் விடாதீர்கள். வலி தொடர்ந்தது என்பதற்கு அவையே சாட்சி.

ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை இருந்தால் அங்கேதான் கோர வேண்டும். இல்லையென்றால், உங்கள் விபத்தின்போது நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் (2025 நவம்பரில் அதன் இடத்துக்குப் புதிய சட்டத்தொகுப்பு வந்துவிட்டது) கெடு விபத்திலிருந்து இரண்டு ஆண்டுகள்; தக்க காரணம் காட்டினால், இழப்பீட்டுக் கோரிக்கையை விசாரிக்கும் ஆணையர் தாமதத்தை மன்னிக்கலாம். பன்னர்கட்டா சாலையில் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கும் கார்மிக பவனில் இந்த வாரமே விசாரியுங்கள்.