அம்மாவின் வேதாகமத்தில் இருக்கும் வசனம் பேத்தியின் வேதாகமத்தில் ஏன் இல்லை?

கேள்வி: மூன்று தலைமுறையாக சிஎஸ்ஐ சபையில் இருக்கிறோம். என் அம்மாவின் பழைய வேதாகமத்தில், 1 யோவான் 5:7இல் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள் என்று இருக்கிறது. அம்மா அதன் ஓரத்தில் பென்சிலால் ‘திரித்துவம்’ என்று எழுதி வைத்திருக்கிறார். பேத்திக்கு வாங்கிய பொது மொழிபெயர்ப்பில் அந்த வரியே இல்லை. ஜெபக்கூட்டத்துக்கு வரும் ஓர் ஊழியர், “அறிஞர்கள் திரித்துவத்தை அறுத்துப் போட்டுவிட்டார்கள், அதை வீட்டில் வைக்காதீர்கள்” என்கிறார். தான் தருவிக்கும் ‘சுத்தமான’ பதிப்புக்கு 500 ரூபாய் முன்பணமும் வாங்கிவிட்டார். கத்தோலிக்கரான சம்பந்தியம்மாவோ, “இதையெல்லாம் திருச்சபை பார்த்துக்கொள்ளும்” என்கிறார். நான் யாரை நம்புவது?

பதில்: சகோதரி, முதலில் பயத்தை விடுங்கள். பேத்தியின் புத்தகத்தில் யாரும் எதையும் அறுக்கவில்லை. யோவான் எழுதாத ஒரு வரி பிற்காலத்தில் வந்து சேர்ந்து, அம்மாவின் புத்தகம் வரைக்கும் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று புரிந்துகொள்ளக் கிரேக்கம் தெரிய வேண்டாம். அம்மா பென்சிலால் எழுதிய அந்தச் சொல்லையே பாருங்கள்.

அச்சு இல்லாத காலம் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவின் புத்தகத்தைப் பார்த்து ஒருவர் கையால் படியெடுக்கிறார். ஓரத்தில் ‘திரித்துவம்’ என்று இருக்கிறது. முன்பு எழுதியவர் விட்டுப்போனதை ஓரத்தில் சேர்த்திருக்கிறார்போலும் என்று நினைத்து, பயபக்தியோடு அதை வசனத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறார். அடுத்து எழுதுகிறவருக்கு அது வசனம்தான். இதில் சதியும் இல்லை, துரோகமும் இல்லை. ஆவி, ஜலம், இரத்தம் என்று யோவான் சொன்ன மூன்று சாட்சிகளுக்கு லத்தீன் பேசிய சபைகளில் யாரோ தந்த விளக்கம் இப்படித்தான் உள்ளே வந்தது என்பது ஆய்வாளர்களில் மிகப் பெரும்பாலோரின் முடிவு.

14ஆம் நூற்றாண்டுக்கு முந்திய எந்தக் கிரேக்கப் பிரதியிலும் இந்த வரி வசனத்தோடு வசனமாக இல்லை. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516இலும் 1519இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் இதைச் சேர்க்கவில்லை. கண்டனம் கிளம்பியது. பிறகு ஒரு கிரேக்கப் பிரதியைக் காட்டினார்கள், 1522இல் சேர்த்தார். அந்தப் பிரதி இப்போது டப்ளின் ட்ரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. அது எழுதப்பட்டதே எராஸ்மஸ் காலத்தில்தான். லூத்தர் உயிரோடிருந்தவரை அவருடைய ஜெர்மன் வேதாகமத்தில் இந்த வரி இல்லை. ‘வேதம் மட்டும்’ என்று சொன்னவரே இது இல்லாமல்தான் திரித்துவத்தைப் பிரசங்கித்தார்.

இன்னொன்றையும் யோசியுங்கள். 4ஆம் நூற்றாண்டில், குமாரன் பிதாவுக்குச் சமமல்ல என்ற ஆரியுவின் போதனையை எதிர்த்து அத்தனாசியு என்ற ஆயர் வாழ்நாள் முழுக்கப் போராடினார். இந்த வரி அவர் கையில் இருந்திருந்தால் அதைத்தானே முதலில் எடுத்துக் காட்டியிருப்பார்? காட்டவில்லை. மத்தேயு 28:19, யோவான் முதல் அதிகாரம், 2 கொரிந்தியர் கடைசியில் வரும் ஆசீர்வாதம், இவற்றைப் போன்ற பல வசனங்கள் சேர்ந்து தாங்குகிற விசுவாசம் அது. ஒரு வரி போனால் இடிந்துவிடும் என்று உங்களைப் பயமுறுத்துகிறவருக்குத்தான் அதில் நம்பிக்கை குறைவு.

சம்பந்தியம்மா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். புதிய ஏற்பாட்டில் எந்தெந்தப் புத்தகங்கள் என்ற பட்டியல் வேதத்துக்குள் எங்கும் இல்லை. இன்று நம்மிடம் உள்ள அதே 27ஐ அத்தனாசியு 367ஆம் ஆண்டின் ஈஸ்டர் கடிதத்தில் எழுதினார்; சபைகள் ஏற்றுக்கொண்டன. ‘பாரம்பரியமே வேண்டாம்’ என்கிற நம்மவர்கள் பொருளடக்கத்தைப் பாரம்பரியத்திடம்தான் வாங்கியிருக்கிறோம். ஆனால் திருச்சபை அறிஞர்களைக் கேட்காமல் முடிவுசெய்கிறது என்பதும் சரியல்ல. இந்த வசனத்தைச் சந்தேகிப்பது பாதுகாப்பல்ல என்று 1897இல் ரோம் சொன்னது. 1927இல் ஆய்வுக்கு வழிவிட்டது. 1979இல் வெளியிட்ட புதிய லத்தீன் வேதாகமத்தில் அந்த வரி இல்லை.

சரி, அப்படியானால் பழைய பிரதியில் இல்லாததையெல்லாம் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. யோவான் 8இல் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 4ஆம் நூற்றாண்டின் பெரிய பிரதிகளான சினாய், வாத்திக்கான் இரண்டிலும் அது இல்லை. சில பிரதிகளில் லூக்கா 21ஆம் அதிகாரத்தின் முடிவில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே யோவான் தன் கையால் அந்த இடத்தில் எழுதியிருக்க மாட்டார் என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் இது ஓரத்துக் குறிப்பு அல்ல. தங்கள் காலத்துக் கிரேக்க, லத்தீன் பிரதிகள் பலவற்றில் இது இருப்பதாக, வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் எழுதுகிறார். தங்கள் மனைவிமாருக்குத் துணிச்சல் வந்துவிடும் என்று பயந்து சிலர் இதை எடுத்துவிட்டார்கள் என்பது அவர் காலத்து ஆயரான அகுஸ்தீனின் எண்ணம். கர்த்தருக்கு முன் பல பாவங்களுக்காகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒரு பெண்ணின் கதையை 2ஆம் நூற்றாண்டின் ஆயர் பாப்பியா அறிந்திருந்ததாகச் சபை வரலாற்றாசிரியர் யூசேபியு சொல்கிறார். இரண்டும் ஒரே கதையா என்பதில் வாதம் உண்டு. யார் எழுதியது என்பதைப் பிரதிகள் சொல்லட்டும். இது இயேசுவைப் பற்றிய பழைய, உண்மையான நினைவு என்று சபை இத்தனை நூற்றாண்டுகள் பற்றிக்கொண்டிருப்பதற்கும் மதிப்பு உண்டு. அடைப்புக்குறி போட்டு அதே இடத்தில் வைத்திருப்பது சரியான தீர்வு. நான் இன்றும் அதைப் பிரசங்கிக்கிறேன்.

ஆக, ‘என்ன எழுதியிருந்தது’ என்ற கேள்விக்கு அறிஞர்களிடம் போங்கள். எந்தப் பிரதி, எந்தக் காலம் என்று கையில் எடுத்துக் காட்டும்வரை அவர்களை நம்பலாம். ‘இயேசு இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்’ என்று ஆரம்பித்தால் அது அவர்களுடைய அபிப்பிராயம். ஏற்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

இப்போது அந்த ஊழியர். 30 வருடம் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் கற்றுக்கொடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ‘மூலபாஷையில் இப்படித்தான் இருக்கிறது’ என்று மேடையில் முழங்குகிறவர்களில் பலருக்கு அந்த எழுத்துகளை வாசிக்கவே தெரியாது. செல்போன் செயலியில் ஒரு சொல்லைத் தட்டி, வருகிற பத்து அர்த்தங்களில் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்கிறார்கள். பயத்தை மூட்டிவிட்டு அதே கையோடு புத்தகம் விற்கிறவரிடம் எந்தக் காரணத்துக்காகவும் பணம் கொடுக்காதீர்கள். புதிய மொழிபெயர்ப்புக்கு எதிரான கூச்சலும் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் மிஷனரி ரேனியஸ் தமிழ் வேதாகமத்தைத் திருத்தியபோது கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். அவர் உண்மையான பற்றினால் எதிர்த்தார், விற்பனைக்காக அல்ல.

எனக்கு அதிகக் கோபம் நம் சபைகள்மேல்தான். நான் சொன்னதில் பெரும்பகுதி இறையியல் கல்லூரியில் தொடக்கத்திலேயே நடத்தும் பாடம். பரீட்சை எழுதித் தேறி, அபிஷேகம் பெற்று வந்தபின் ஐயர்மார் (போதகர்கள்) பலர் அதைப்பற்றி வாயே திறப்பதில்லை. விசுவாசிகள் குழம்பிவிடுவார்களாம்! சொல்லாமல் விட்டதால்தான் நீங்கள் குழம்பி, 500 ரூபாயும் கொடுத்திருக்கிறீர்கள். டயோசிசன் தேர்தலுக்கு வீடு வீடாகப் போக நேரம் இருக்கிறது. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து அடிக்குறிப்பை விளக்க நேரம் இல்லை.

இந்த வாரமே உங்கள் ஐயரிடம் போய், பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் இந்த ஒரு வசனத்தைப்பற்றிப் பேசச் சொல்லுங்கள். இரண்டு புத்தகங்களையும் எடுத்துப் போங்கள். முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அட்டை பிய்ந்திருந்தால் அம்மாவின் வேதாகமத்தை பைண்டிங் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பைண்டரிடம் ஓரத்தை வெட்டவேண்டாம் என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள், பென்சில் எழுத்து போய்விடும்.