ஆள் நடக்காத பாலம்

கடிதம்:

வணக்கம். போன மாதம் மகளைப் பார்க்க லண்டன் போயிருந்தபோது நேஷனல் கேலரியில் மோனேயின் 'அல்லிக்குளம்' ஓவியத்தைப் பார்த்தேன். வளைந்த ஜப்பானியப் பாலம், கீழே பூக்கள். கால் மணி நேரம் நகர மனம் வரவில்லை. பக்கத்தில் நின்ற மருமகன், "மாமா, இது ஜப்பான் இல்லை, பிரான்சில் அவர் வீட்டுத் தோட்டம்" என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஜப்பானுக்கே போகாதவர் அவர்களுடைய பாலத்தைப் போல ஒன்றை வீட்டில் கட்டி, அதையே வரைந்து பெயர் வாங்குவது இரவல் கலைதானே? அப்புறம், பாரிஸில் அதே பாலத்தைக் கடைசிக் காலத்தில் வரைந்தவற்றையும் பார்த்தேன். சிவப்பும் பழுப்புமாகக் குழம்பிக் கிடந்தன, பாலத்தையே காணோம். கண் கெட்டுப்போனதால் அப்படி என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

எம்.

பதில்:

அன்புள்ள எம்.,

மருமகன் சொன்னது சரிதான், மோனே ஜப்பானுக்குப் போனதே இல்லை. ஆனால் இரவல் என்கிறீர்களே, அந்தச் சொல்லை வைத்து அளக்க ஆரம்பித்தால் ஜப்பானியத் தோட்டமே தேறாது.

டோக்கியோவில் கொய்ஷிகாவா கொராகுவென் என்று ஒரு பழைய தோட்டம் இருக்கிறது, 1629-இல் தொடங்கியது. அதிலே 'முழுநிலாப் பாலம்' என்று ஒன்று. கல்லில் அரைவட்டம்தான் கட்டியிருக்கிறார்கள், மீதி அரைவட்டம் தண்ணீரில் விழும் அதன் பிம்பம், இரண்டும் சேர்ந்தால் நிலா. அந்தப் பாலத்தை வடிவமைத்தவர் சீனாவிலிருந்து வந்து தங்கிய அறிஞர் ஒருவர். அதே தோட்டத்தில் ஹாங்சோ நகரத்து ஏரிக்கரையைச் சின்னதாகச் செய்திருக்கிறார்கள், கியோட்டோக் கோயில் பாலம் ஒன்றின் பெயரில் சிவப்புப் பாலம் வைத்திருக்கிறார்கள். கூடவே பலகைகளை வளைத்து வளைத்துப் போட்ட 'யத்சுஹாஷி', அதாவது எட்டுப் பாலம். இந்தக் கடைசிப் பாலம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு கவிதையிலிருந்து.

ஆயிரம் ஆண்டுக்கும் முந்தைய 'இசே கதைகள்' நூலில் வருகிறது. தலைநகரை விட்டுக் கிளம்பிய ஒருவன் நண்பர்களோடு ஆற்றோரம் உட்கார்ந்து உலர்ந்த சோற்றைத் தின்கிறான். ஆறு அங்கே பல கால்களாகப் பிரிகிறது, அதனால் எட்டுப் பாலங்கள். கரையில் ஐரிஸ் பூக்கள். அந்தப் பூவுக்கு 'ககிட்சுபதா' என்று பெயர். ஜப்பானிய மொழியில் அது ஐந்து எழுத்து. அந்த ஐந்தும் ஐந்து அடிகளின் முதலெழுத்தாக வரும்படி பயணத்தைப் பற்றிப் பாடு என்கிறான் ஒருவன். இவன் ஊரில் விட்டுவந்த மனைவியை நினைத்துப் பாடுகிறான், எல்லோரும் அழுகிறார்கள், கண்ணீர் விழுந்து காய்ந்த சோறு ஊறிவிடுகிறது. எத்தனை தடவை படித்தாலும் அந்தச் சோற்றில் என் மனம் நின்றுவிடும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒகாதா கோரின் இதை மடிப்புத் திரைகளில் வரைந்தார். இன்று நெசு அருங்காட்சியகத்தில் இருக்கும் திரைகளில் தங்கப் பின்னணியில் நீலப் பூவும் பச்சை இலையும் மட்டும்தான். ஆறு இல்லை, ஆள் இல்லை, பாலமும் இல்லை. பார்த்தவுடன் ஜப்பானியர்களுக்குப் பாலம் தெரிந்துவிடும், வரைய வேண்டியதில்லை. சில ஆண்டுகள் கழித்து அவரே மறுபடி வரைந்தபோது பாலத்தையும் போட்டார், அது இப்போது நியூயார்க்கில் இருக்கிறது. எனக்கு முதலாவதுதான் பெரிது.

இனி மோனே. அவர் வீட்டுச் சுவர்களில் ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்கள், இருநூறுக்கும் மேல். அவற்றில் வரும் பாலங்கள் ஜனங்களுடையவை. ஹிரோஷிகேயின் 1857-ஆம் ஆண்டுப் படத்தில் திடீர் மழை கொட்டுகிறது, குடையையும் பாயையும் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஆட்கள் பாலத்தில் ஓடுகிறார்கள். முப்பது ஆண்டு கழித்து வான்கோ அதை எண்ணெய் வண்ணத்தில் பார்த்து வரைந்தார், சுற்றிலும் புரியாத ஜப்பானிய எழுத்துகளையும் பார்த்து எழுதிவைத்தார். நீங்கள் சொல்லும் இரவல் அதற்கு வேண்டுமானால் பொருந்தும், அதையும் நான் அன்பு என்றுதான் சொல்வேன்.

மோனே அப்படிச் செய்யவில்லை. 1893-இல் ஜிவெர்னியில் வீட்டை ஒட்டி நிலம் வாங்கினார், ஓடையைத் திருப்பிக் குளம் வெட்ட அனுமதி கேட்டார், அந்நியச் செடிகளால் தண்ணீர் கெட்டுவிடும் என்று ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். குளத்தில் விட்ட வண்ண அல்லிகள் ஜப்பானிலிருந்து வந்தவை அல்ல, பிரான்சின் தென்மேற்கில் லத்தூர்-மார்லியாக் என்ற செடி வளர்ப்பாளர் கலப்பினம் செய்து உண்டாக்கியவை. (தமிழில் பல பேர் இதைத் தாமரைக்குளம் என்று எழுதிவிடுகிறார்கள். நீங்கள் அல்லி என்று எழுதியதைப் பார்த்து மகிழ்ச்சி. தாமரை தண்டை உயர்த்தித் தண்ணீருக்கு மேலே நிற்கும், இந்த அல்லி தண்ணீரோடு படிந்து கிடக்கும், அப்படிக் கிடந்தால்தான் பூவும் பிம்பமும் ஒரே தளத்தில் வரும். அவருக்கு வேண்டியது அதுதான்.) பாலத்துக்குச் சிவப்புப் பூசாமல் பச்சை பூசினார்.

லண்டன் ஓவியத்தை நினைத்துப் பாருங்கள். 1899-இல் வரைந்தது. பாலத்தில் ஒருவர்கூட இல்லை. இரண்டு முனைகளும் ஓவியத்தின் விளிம்பில் வெட்டுப்பட்டிருக்கின்றன, எந்தக் கரையிலிருந்தும் அதில் கால் வைக்க முடியாது. வானமும் ஏறக்குறைய இல்லை. கடப்பதற்கு இருந்த பாலத்தை அவர் பார்வையை நிறுத்துவதற்கு வைத்துக்கொண்டார். நிமிர்ந்த கண் அதில் முட்டிக் கீழே இறங்குகிறது, தண்ணீரில் நிற்கிறது. நீங்கள் கால் மணி நேரம் நின்றது அதனால்தான், ஜப்பான் என்று நினைத்ததனால் அல்ல.

அதற்கப்புறம் வந்த அல்லி ஓவியங்கள் பலவற்றில் பாலமும் கரையும் போய்விட்டன, தண்ணீர் மட்டும் இருக்கிறது. கோரின் திரை மாதிரி.

பாரிஸ் ஓவியங்கள் விஷயம். அவருக்குக் கண்புரை என்று 1912-இல் தெரிந்தது, 1923-இல்தான் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். நீங்கள் பார்த்தவை பெரும்பாலும் 1918-க்குப் பிறகு வந்தவை. புரை முற்றினால் நீலம் மங்கும், மஞ்சளும் பழுப்பும் ஏறும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வண்ணக் குழாயில் ஒட்டிய பெயரைப் பார்த்து வண்ணத்தை எடுத்தவர் அவர், பிடிக்காத ஓவியங்களைக் கிழித்துப் போட்டவர். இவற்றைக் கிழிக்கவில்லை. இருபது ஆண்டுக்கும் மேல் தினமும் பார்த்த பாலம், கண் சரியாக இருந்தாலும் பாதி அவர் நினைவிலிருந்துதானே வந்திருக்கும்?

அடுத்த முறை பாரிஸ் போனால் மார்மொத்தான் அருங்காட்சியகத்தில் அந்த ஓவியங்களை அறையின் எதிர்ச் சுவர் வரை பின்னால் போய் நின்று பாருங்கள். முதலில் குழப்பம்தான். கொஞ்சம் பொறுத்தால் நடுவில் அந்த வளைவு மெல்ல எழுந்து வரும். மருமகனையும் கூட்டிப் போங்கள்.