தார்ச்சாலை வரை கொண்டுவந்து சேர்க்கும் பெட்டி: சேற்றுப் பயணக் கேள்வி பதில்

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று நம் ஜீப் குழுவில் பேச்சு வந்ததும், பெட்டியில் என்னென்ன எடுத்து வைப்பது என்று ஆளாளுக்குக் கேட்டீர்கள். மன்னார்குடிப் பக்கம் இருபது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். ஆற்றங்கரைகளிலும் கொள்ளிடத்து மணலிலும் நின்றுபோன வண்டிகளைப் போய் எடுத்து வந்த பழக்கத்தில் சொல்கிறேன்.

அண்ணே, மாருதியின் சின்ன ஜீப் ஜிம்னி வாங்கி ஆறு மாதம் ஆகிறது. லடாக் போகிறவர்கள் அரைப் பட்டறையையே ஏற்றிக்கொண்டு போகிறார்கள். நமக்கும் அவ்வளவு வேண்டுமா? (தஞ்சாவூர்)

வேண்டாம் தம்பி. மலைநாட்டில் அடுத்த பட்டறை எத்தனையோ மைலுக்கு அப்பால் இருக்கும். டெல்டாவில் எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் ஒரு பஞ்சர் கடையும், டிராக்டர் மெக்கானிக்கும், வெல்டிங் பட்டறையும் இருக்கும். ஆனால் அந்தக் கடைக்கும் உங்களுக்கும் நடுவில் மூன்று கிலோமீட்டர் களிமண் கிடக்கும். வண்டியைத் தார்ச்சாலை வரை கொண்டுவந்து சேர்க்க எது வேண்டுமோ அதை மட்டும் எடுத்து வையுங்கள். மீதியைக் கடைத்தெரு பார்த்துக்கொள்ளும். கீழே வரும் எல்லாப் பதிலுக்கும் இதுதான் என் கணக்கு.

டியூப்லெஸ் டயர்தானே, ஸ்டெப்னி ஒன்று போதாதா? (திருத்துறைப்பூண்டி)

போதாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுநாள் வேதாரண்யம் பக்கம் அரிசியும் தண்ணீரும் ஏற்றிப் போனோம். பறந்துபோன கூரைத் தகரத்தின் ஆணிகள் ரோடு முழுக்கக் கிடந்தன. பொழுது சாய்வதற்குள் நான்கு பஞ்சர். ஸ்டெப்னி முதல் ஒரு மணி நேரத்திலேயே தீர்ந்துவிட்டது. அன்றிலிருந்து பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் பம்பும் இல்லாமல் நான் கிளம்புவதில்லை. சாதாரண நாளில் ஆணிக்குப் பதில் சீமைக் கருவேல முள். கரையோரம் வெட்டிப் போட்ட முள் காய்ந்தபின் ஆணியைவிட மோசம்.

முள்ளை உடனே பிடுங்காதீர்கள். முதலில் கிட்டில் உள்ள காதுள்ள குச்சியில் ரப்பர் திரியைக் கோத்து, சொலூஷன் தடவித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் குறட்டால் முள்ளை இழுத்து, அது போன சாய்விலேயே ரம்ப ஊசியை விட்டு நான்கைந்து தடவை ஏற்றி இறக்குங்கள். திரியை அழுத்தும்போது இரண்டு முனையும் ஒரு விரல் நகம் அளவுக்கு வெளியே நிற்க வேண்டும். முழுதாக உள்ளே போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து. குச்சியைச் சட்டென்று நேராக இழுத்துவிட்டு எச்சிலைத் தொட்டு வையுங்கள், குமிழி வராவிட்டால் சரி. பக்கவாட்டில் கிழிந்த டயருக்கு இந்த வேலை ஆகாது, அதற்குத்தான் ஸ்டெப்னி.

பம்பு வாங்கும்போது பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டுவதாக வாங்குங்கள். சிகரெட் லைட்டர் துளையில் செருகுவது சின்ன கார் டயருக்குச் சரி. பெரிய டயருக்கு ஓட்டினால் பியூஸ் போய்விடும். அடிக்கும்போது இஞ்சின் ஓடட்டும். கூடவே காற்றளவு பார்க்கும் மீட்டர், வால்வு ஊசி இரண்டு, அதைத் திருகும் சாவி. கொள்ளிட மணலில் இறங்கும் முன் 18 பிஎஸ்ஐ வரை இறக்கிவிட்டாலே பாதி வண்டிகள் சிக்காது. ரொம்ப இறக்கினால் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார்ச்சாலை ஏறியதும் பழைய அளவுக்கு அடித்துவிட்டுத்தான் வேகம் எடுக்க வேண்டும்.

ஸ்பேனர் செட் நூற்றெட்டு பீஸ் வாங்கினேன். அது போதுமா அண்ணே? (கும்பகோணம்)

தங்கச்சி, அதில் தொண்ணூறு பீஸ் உங்கள் வண்டியைத் தொடவே தொடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டியை நிறுத்திப் பேட்டரி முனை, ஏர் பில்டர் கிளிப், பெல்ட் டென்ஷனர், கீழ்த் தகடு, சக்கரம் என்று ஒவ்வொன்றையும் உங்கள் கையாலேயே கழற்றி மாட்டுங்கள். எந்த அளவு பட்டதோ அதை மட்டும் ஒரு கித்தான் சுருளில் வையுங்கள். பெரும்பாலும் 10, 12, 13, 14, 17, 19 என்பதற்குள் முடிந்துவிடும். அன்றைக்கே இன்னொன்றும் தெரியவரும்: கம்பெனி கொடுத்த வீல் ஸ்பேனரில், பட்டறைக்காரர் ஏர் கன் வைத்து இறுக்கிய நட்டு அசையாது. இரண்டடி இரும்புக் குழாய் ஒன்றைப் பிடிக்குள் செருகிக் காலால் அழுத்துங்கள், கழன்றுவரும். அந்தக் குழாய் பெட்டியில் இருக்கட்டும்.

ஜாக்கி சேற்றில் இறங்கிவிடுகிறது. என்ன செய்வது? (நன்னிலம்)

ஒன்றரை இஞ்சு கனத்தில், ஓரடிக்கு ஓரடி பழைய மரப்பலகை. இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு எனக்குத் தெரியாது. பலகைக்குக் கீழே இரண்டு சாக்கை மடித்துப் போட்டால் வழுக்காது. எதிர்ச் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் தூக்காதீர்கள், ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள்.

வண்டியைக் கம்பி சுற்றி இழுக்கும் வின்ச் போட வசதியில்லை. கயிறு மட்டும் இருந்தால் போதுமா? (மயிலாடுதுறை)

போதும், ஆனால் கயிற்றைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். முதல் வேலை மண்வெட்டிக்குத்தான். சக்கரத்துக்கு முன்னால் ஒரு சாய்வு வெட்டி, வயிற்றில் ஒட்டிய மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டால் பாதி நேரம் கயிறே தேவைப்படாது. களிமண் வயிற்றைக் கவ்விப் பிடித்திருக்கும்போது இழுத்தால், வண்டியோடு மண்ணையும் சேர்த்து இழுக்கிறீர்கள்.

கயிறு, வண்டி எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு தாங்குவதாக இருக்க வேண்டும்; எடை அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். மாட்டுவது வண்டிச் சட்டத்தில் உள்ள இழுவைக் கொக்கியில் மட்டும். பம்பரிலும் ஆக்சிலிலும் ஸ்டீயரிங் கம்பியிலும் கூடாது. கார் பின்னால் சின்ன வண்டி இழுக்க வைத்திருக்கும் உருண்டையில் ஒருநாளும் மாட்டாதீர்கள். அது முறிந்தால் துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு, கயிற்றை மாட்டும் இரும்பு வளையமான ஷேக்கிள் தெறித்து முன்கண்ணாடி துளைத்தது. அவர் அந்த நொடியில் குனிந்திருந்தார், பிழைத்தார். கயிற்றின் நடுவில் நனைந்த சாக்கு இரண்டைப் போட்டுவிடுங்கள், அறுந்தாலும் வீச்சு அடங்கும். வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளைக் கயிற்று நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும். நம் ஊரில் வண்டி மாட்டினால் ஐந்து நிமிடத்தில் ஊரே கூடிவிடும், அதனால் சொல்கிறேன்.

ஊரில் டிராக்டர் வந்து இழுத்துக் கொடுத்தால், டிரைவரிடம் மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். டீசலுக்குப் பணம் கொடுங்கள்.

வாய்க்காலில் இறங்கியதும் இஞ்சின் நின்றுவிட்டது. ஸ்டார்ட் செய்யலாமா? (திருவாரூர்)

செய்யாதீர்கள். இஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஏர் பில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். காகிதம் காய்ந்திருந்தால் வேறு கோளாறு. நனைந்திருந்தால், பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் சுழற்றித் தண்ணீரை வெளியே தள்ளலாம், அதற்குப் பிளக் ஸ்பேனர் வேண்டும். இப்போதைய டீசல் வண்டியில் அதைக் கரையில் உட்கார்ந்து செய்ய முடியாது. கட்டி இழுத்து வாருங்கள்.

இன்னொன்று: மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். உபரி நீர் திறப்பு என்று செய்தி வந்தால் கொள்ளிடத்தில் இறங்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

கல் பட்டு ஆயில் ஒழுகினால்? (பாபநாசம்)

நம் பக்கம் கல்லைவிட உடைந்த மதகுக் கட்டையும் பனங்கட்டையும்தான் அடிக்கும். டீசல் டேங்க் கசிந்தால் துணி துவைக்கும் பார் சோப்பை எடுத்து, ஈரமில்லாமல் கசிவில் அழுத்தித் தேய்த்துத் திணியுங்கள். டீசல் அதைக் கரைக்காது, கடைத்தெரு வரை தாங்கும். இஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப்பில் விரிசல் என்றால் எம்-சீல் என்ற இரட்டைப் பசை. இரண்டு உருண்டையையும் நிறம் ஒன்றாகும் வரை பிசைய வேண்டும். அதைவிட முக்கியம், பூசும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பெட்ரோல் துணியால் துடைப்பது. எண்ணெய்ப் பிசுக்கின் மேல் எதுவும் ஒட்டாது. காய்வதற்குள் கிளப்பாதீர்கள். அதனால் ஒரு லிட்டர் இஞ்சின் ஆயில், ஒரு லிட்டர் கூலண்ட், ரேடியேட்டர் ஹோஸுக்கு நான்கு கிளிப், தன்னோடு தானே ஒட்டும் சிலிக்கான் டேப் ஒரு சுருள் எல்லாம் இருக்கட்டும். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள்.

பெட்டியை எப்படி அடுக்குவது?

கயிறு, கையுறை, தலையில் மாட்டும் டார்ச், பஞ்சர் கிட் கைக்கெட்டும் இடத்தில். கனமானது கீழே, சீட்டுக்குப் பின்னால், பட்டை போட்டு இறுக்கி. வண்டி சரிந்தால் கட்டாத ஜாக்கி மண்டையைப் பிளந்துவிடும். ஸ்டெப்னிக்கு மேல் சாமான் ஏற்றாதீர்கள்.

கோடியக்கரைப் பக்கம் உள்ளே போகலாமா? உப்பளத்து மண் வண்டியை அரிக்குமா?

கோடியக்கரை சரணாலயம். வெளிமான் மேயும் புல்வெளியில் சக்கரத்தை இறக்க நமக்கு உரிமை இல்லை, அனுமதித்த பாதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உப்பளத்து மண் கட்டாயம் அரிக்கும். வீடு வந்த அன்றே நல்ல தண்ணீரில் அடித்தட்டு முழுக்க அலசுங்கள். ரிம்முக்குள் அப்பிய களிமண்ணையும் சுரண்டுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் ஸ்டீயரிங் நடுங்கும்.

மழை பெய்த மறுநாள் ஆற்றங்கரையில் ஓட்டலாமா?

கூடாது. நம் சக்கரத் தடம் பதிந்த இடத்தில்தான் தண்ணீர் முதலில் அறுக்கும். கரை உடைந்தால் போவது ஒரு ஊரின் சம்பா.

என்னிடம் பழைய மஹிந்திரா எம்.எம். 540 ஜீப் இருக்கிறது மாமா. பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாப்டின் மூட்டில் உள்ள கிராஸ் அடிக்கடி போய்விடுகிறது. (பட்டுக்கோட்டை)

மாப்பிள்ளை, அந்த வண்டிக்கு ஒரு கிராஸ் செட்டும், அதைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கழற்றும் சர்க்ளிப் குறடும் பெட்டியில் நிரந்தரமாக இருக்கட்டும். சேற்றில் நின்றுபோனால் அங்கே கிராஸ் மாற்ற உட்கார வேண்டாம். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, பின் ஷாப்டை மட்டும் கழற்றிப் பின்னால் போட்டுக்கொண்டு, நான்கு சக்கர கியரைப் போட்டு முன் சக்கரத்தாலேயே மெதுவாகச் சாலை வரை வந்துவிடலாம். கட்டை கொடுக்காமல் கழற்றினால் வண்டி உருண்டுவிடும், ஏனென்றால் கியரில் நிற்பது அந்த ஷாப்ட் வழியாகத்தான். சில பழைய ஜீப்புகளில் கை பிரேக்கும் அதன் தலையில்தான் இருக்கும். கழற்றிய போல்ட், நட்டை ஒரு துணியில் முடிந்து சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். களிமண்ணில் விழுந்த நட்டு கையில் கிடைக்காது.