கேம்பர் கூரையில சோலார் பேனல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, எங்க கேம்பர் டிரெய்லருக்கு (காருக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போய் தங்கற வண்டி) ஃபைபர்கிளாஸ் ரூஃப், லேசா வளைவு இருக்கு. 100 வாட் ஃப்ளெக்ஸிபிள் (வளையற) பேனல் ரெண்டு வாங்கி வச்சாச்சு. கடையில சிகாஃப்ளெக்ஸ்ங்கற பாலியூரிதேன் பசை போட்டு ஒட்டுங்கன்னாங்க, கூட வேலை பாக்கறவர் டபுள் சைடு டேப்பே போதும்ங்கறார், என் தம்பி ஸ்க்ரூ அடிக்காம எதுவும் நிக்காதுன்னு ஒத்தக் கால்ல நிக்கறான். ஸ்கூல் லீவுல நல்லார்பர் பொட்டல்வெளி வழியா பெர்த் போறோம். பாதி வழியில பறந்துடுமோன்னு பயமா இருக்கு.
— வாசகி, மெல்பர்ன்

பதில்: முதல்ல உங்க தம்பி விஷயம். ஸ்க்ரூ பாக்கறவங்களுக்கு தைரியம் குடுக்கும், அவ்வளவுதான். பேனல் ஓரத்துல இருக்கற வளையத்துல ஸ்க்ரூ அடிச்சா அந்த நாலஞ்சு இடம் மட்டும்தான் பிடிச்சிருக்கும், நடுப்பகுதி பூரா காத்துல படபடன்னு அடிச்சுக்கிட்டே வரும், உள்ள இருக்கற சிலிக்கான் செல்லு அப்பளம் மாதிரிதான், வெளிய தெரியாமலே நொறுங்கிடும். போதாததுக்கு கூரையில ஓட்டை வேற. உள்ள மரச் சட்டம் இருக்கற வண்டின்னா தண்ணி இறங்கி சட்டம் உளுத்துப் போனதுக்கு அப்புறம்தான் நமக்கே தெரியும்.

காத்தோட கணக்கையும் பாத்துடலாம். 100 கிமீ வேகத்துல போறப்போ காத்தோட அழுத்தம் சதுர மீட்டருக்கு சுமார் 47 கிலோ. உங்க பேனல் ஒண்ணு அரை சதுர மீட்டருக்கு கொஞ்சம் மேல இருக்கும், அப்போ 25 கிலோவுக்கு மேல ஒரு இழுப்பு இருக்கும்னு வச்சுக்கங்க. இதுல எதிர்காத்து 40 கிமீ வேகத்துல அடிச்சா இது கிட்டத்தட்ட ரெட்டிப்பு ஆயிடும், ஏன்னா அழுத்தம் வேகத்தோட வர்க்கத்துல ஏறுது. நல்லார்பர்ல எதிர்ல ரோட் டிரெயின் (பல டிரெய்லர் கோத்த நீள லாரி) ஒண்ணு உரசிக்கிட்டு போறப்போ வண்டியே ஒரு குலுங்கு குலுங்கும், அதையும் சேத்துக்கங்க. ஆனா நல்ல பசைக்கு இந்த 50 கிலோ எல்லாம் ஒரு விஷயமே இல்ல. ஆபத்து முன் விளிம்புலதான். அங்க நகம் நுழையற அளவுக்கு இடைவெளி கிடைச்சா போதும், காத்து உள்ள பூந்து உரிச்சுக்கிட்டே பின்னாடி வரைக்கும் போயிடும்.

அதனால டேப்பா சிகாஃப்ளெக்ஸான்னு சண்டை போடறத விட்டுட்டு கூரையைக் கழுவுங்க. ஃபைபர்கிளாஸ்ல மெழுகு, பாலிஷ் எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கும். சோப்புத் தண்ணியில கழுவி, பேனல் வர்ற இடத்தை ஸ்காட்ச்பிரைட் போட்டு லேசா தேச்சு, ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் தண்ணியும் பாதிப்பாதி கலந்து சுத்தமான துணியில ஒரே பக்கமா துடைச்சு எடுங்க. சரியா வந்துடுச்சான்னு பாக்க கொஞ்சம் தண்ணி ஊத்துங்க, தகடு மாதிரி பரவி நின்னா சுத்தம், முத்து முத்தா உருண்டா இன்னும் மெழுகு இருக்கு, மறுபடி முதல்லேந்து. நிறைய பேர் இந்த வேலையைத்தான் அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டு அப்புறம் பசையைத் திட்டறாங்க.

ஒட்டறதுக்கு நான் சொல்றது ரெண்டும் சேத்து. 3எம் வி.ஹெச்.பி. (VHB)ங்கற கெட்டியான டபுள் சைடு டேப் பேனலோட நாலு ஓரத்துக்கும் உள்பக்கமா, நடுவுல நீளவாக்குல சிகாஃப்ளெக்ஸ் 252 கோடு கோடா. டேப் உடனே பிடிச்சுக்கும், பசை மெதுவா இறுகும். பசையை பேனல் அடி முழுக்க தடவிடாதீங்க! அது காத்துல இருக்கற ஈரத்தை வச்சுத்தான் இறுகுது, முழுக்க அப்பிட்டா நடுப்பகுதிக்கு ஈரம் போகாம மாசக்கணக்குல பச்சையாவே கிடக்கும். கோடுகளுக்கு நடுவுல வழி விட்டு, பின் ஓரத்து டேப்பையும் அங்கங்க விட்டு விட்டு ஒட்டுங்க, ஈரம் உள்ள போகவும் தண்ணி வெளிய வடியவும் வழி வேணும். முன் ஓரத்துல மட்டும் இடைவெளியே இல்லாம டேப், அதுக்கு மேல பேனலும் கூரையும் சேர்ற இடத்தை மூடற மாதிரி ஒரு மெல்லிசு அலுமினியப் பட்டி, அதோட ஓரமெல்லாம் சீலன்ட். அந்தப் பட்டி செல்லு மேல ஏறி நிழல் விழாம பாத்துக்கங்க.

வி.ஹெச்.பி.யை அமுத்தி அமுத்தி ஒட்டணும், அதுக்கு முழு பலம் வர மூணு நாள் ஆகும். குளிர்ல ஒட்டினா சரியா பிடிக்காது, 20 டிகிரிக்கு மேல இருக்கற நாளா பாருங்க. மெல்பர்ன்ல அப்படி ஒரு நாள் கிடைக்கறதே பெரிசு, அதனால லீவுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே முடிச்சுடுங்க. கிளம்பற முதல் நாள் ராத்திரி டார்ச் வெளிச்சத்துல ஒட்டற வேலை வேண்டாம். பாத்ரூம் சிலிக்கான் சீலன்ட் வாங்கிட்டு வந்துடாதீங்க, அது பிடிக்கவும் பிடிக்காது, அந்த இடத்துல அப்புறம் வேற எதையும் ஒட்டவும் விடாது.

கேள்வி: சார், போன வருஷம் அலுமினியக் கூரையில நேரா ஒட்டின ஃப்ளெக்ஸிபிள் பேனல் இன்னும் கெட்டியாத்தான் இருக்கு, ஆனா வெயில் ஏற ஏற கரன்ட் குறையுது, ஒரு செல்லு மேல பழுப்பா ஒரு பொட்டு வேற வந்திருக்கு. பசை ஏதாவது பண்ணிடுச்சா?
— வாசகர், பிரிஸ்பேன்

பதில்: பசை பாவம், அது ஒண்ணும் பண்ணல. வெயில் ஏற ஏற குறையறது சூடு. பேனல் மேல எழுதியிருக்கற 100 வாட்ங்கறது, செல்லு 25 டிகிரியில இருக்கறப்போ அளந்தது, அதுக்கு மேல ஏறற ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் போயிடும். அடியில காத்தே போகாம தகரத்தோட ஒட்டிக் கிடக்கற பேனல் பிரிஸ்பேன் ஜனவரிக் கோடையில 75 டிகிரிக்கு ஏறினா 20 வாட் அங்கேயே காலி.

பழுப்புப் பொட்டு வேற கதை. அது ஹாட் ஸ்பாட், அந்த செல்லுல விரிசல் விட்டிருக்கும், இல்ல ஏர் வென்ட்டு, ஆன்டெனா ஏதாவது தினமும் அதே இடத்துல நிழல் போடுது. மத்த செல்லெல்லாம் தள்ளற கரன்ட் அதுல மாட்டிக்கிட்டு சூடாகுது. மீட்டர் வச்சு வோல்டேஜ் மட்டும் பாத்தா 21 காட்டும், எல்லாம் சரியா இருக்குன்னு ஏமாந்துடாதீங்க, நல்ல வெயில்ல ஆம்பியரைப் பாருங்க. கருகின வாசனை வந்தாலோ பொட்டு பெரிசானாலோ பேனலை ஒரு போர்வை போட்டு மூடிட்டு கனெக்‌ஷனைக் கழட்டிடுங்க. வெயில்ல ஓடிட்டு இருக்கறப்போ எம்சி4 பிளக்கை (பேனல் ஒயரை இணைக்கற பிளக்) இழுத்தா பொறி பறக்கும், மூடாம கை வைக்காதீங்க.

அடுத்தது போடறப்போ பேனலுக்கும் கூரைக்கும் நடுவுல ரெட்டைச் சுவர் பாலிகார்பனேட் ஷீட் (உள்ள குழல் குழலா இருக்கற பிளாஸ்டிக் தகடு) குடுங்க, குழல்கள் வண்டிக்கு குறுக்கு வாட்டுல, ரெண்டு முனையும் திறந்து இருக்கணும். பக்கவாட்டுல காத்து ஓடும், ஓட்டறப்போ முன்னாடி காத்தை அள்ளாது. பாலிகார்பனேட்டுக்கு டேப் மட்டும் போதும், பாலியூரிதேன் பசை பட்டா சில சமயம் விரிசல் விடும். காய்கறிக் கடை போர்டுக்குப் போடற கார்ஃப்ளூட் விலை கம்மிதான், ஆனா அது பாலிபுரொபைலின், அதுல எந்தப் பசையும் ஒழுங்கா நிக்காது.

இன்னொண்ணு, உங்க கூரை தட்டையா இருக்கு, திறந்து மூடற கூரையும் இல்லன்னா எதுக்கு சார் ஃப்ளெக்ஸிபிள்? 100 வாட் கண்ணாடி பேனல் 6, 7 கிலோதான், அடியில காத்து போகும், ஆயுசும் ஜாஸ்தி. வளைஞ்ச கூரை, கேஸ் ஸ்ட்ரட் (கார் டிக்கியைத் தாங்கற மாதிரி கம்பி) வச்சுத் தூக்கற கூரை, இந்த ரெண்டுக்குத்தான் 2 கிலோ பேனலுக்கு மதிப்பு. அப்படியும் வேணும்னா பெட் (PET) பிளாஸ்டிக் மேல்தாள் போட்டதை விட்டுட்டு இடிஎஃப்இ (ETFE) பிளாஸ்டிக் மேல்தாள் உள்ளதா வாங்குங்க, முதல் வகை வெயில்ல சீக்கிரம் மங்கிடும்.

கேள்வி: எங்களுது கேன்வாஸ் டென்ட் டிரெய்லர் அண்ணா. துணி மேலயே தைச்சுடலாமா?
— வாசகர், அடிலெய்டு

பதில்: வேண்டாம். மடிக்கறப்போ பேனலும் மடியும், ஒரு சீசன் கூட வராது. கேம்ப்ல இறங்கினதுக்கு அப்புறம் வளையத்துல எலாஸ்டிக் கயிறு கோத்து கட்டிக்கங்க, கிளம்பறப்போ கழட்டி மெத்தை மேல படுக்க வச்சுடுங்க. கயிறு நாலு பக்கமும் சமமா இழுக்கணும். காத்து பலமா அடிக்கற ராத்திரி மேல விடாதீங்க, ராத்திரியில அதுக்கு அங்க வேலையும் இல்ல.

கேள்வி: ஒட்டினதை கூரை கெடாம எடுக்க முடியுமா?
— வாசகி, பெர்த்

பதில்: கூரையைக் காப்பாத்தலாம், பேனலை மறந்துடுங்க. தடிமனான மீன்பிடி நரம்பை ரெண்டு கையிலயும் சுத்திக்கிட்டு, பேனலுக்கும் கூரைக்கும் நடுவுல விட்டு ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் இழுங்க, கிளவுஸ் போட்டுக்கங்க. நரம்பு அடிக்கடி அறுந்து போகும், நிறைய வச்சுக்கங்க. டேப் ரொம்ப கெட்டியா இருந்தா ஹீட் கன்ல லேசா காட்டினா இளகும், ஃபைபர்கிளாஸ்னா ஒரே இடத்துல நிறுத்தாதீங்க. மிச்சம் ஒட்டியிருக்கற பசையை பிளாஸ்டிக் ஸ்கிராப்பர்ல சீவி எடுங்க, கத்தி வேண்டாம். அதே இடத்துல புது பேனல் வைக்கப் போறீங்கன்னா பழைய பசையை ஒரு மில்லிமீட்டர் விட்டு வச்சாலும் தப்பில்ல, புது சிகாஃப்ளெக்ஸ் அது மேல நல்லாவே பிடிக்கும்.