பொறி பற்றாத கலவையைப் பற்றவைத்த இன்ஜின்

கேள்வி: 1970-களில் ஹோண்டா நிறுவனம் புகையைச் சுத்தமாக்க எக்ஸாஸ்ட்டில் மாட்டும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரே இல்லாமல் அமெரிக்காவின் புகை விதிகளில் தேறியது என்று படித்தேன். 'ஸ்ட்ராட்டிஃபைட் சார்ஜ்' இன்ஜின் என்று போட்டிருந்தார்கள். சைலன்சர் பக்கம் எதுவும் மாட்டாமல் புகை எப்படிக் குறையும்?

பதில்: நீங்கள் படித்தது சரிதான். அந்த இன்ஜினின் பெயர் சி.வி.சி.சி. எனக்கு ரொம்பப் பிடித்த இன்ஜின், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் சிக்கலைப் பார்த்துவிடுவோம். 1970-இல் அமெரிக்காவில் வந்த காற்றுத் தூய்மைச் சட்டம், 1975 மாடல் கார்களில் கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும் 90 சதவீதம் குறைக்கச் சொன்னது, அதற்கடுத்த வருஷம் நைட்ரஜன் ஆக்சைடுகளையும். செனட்டர் மஸ்கி முன்நின்று கொண்டுவந்ததால் ஜப்பானில் இதை மஸ்கி சட்டம் என்றே சொல்வார்கள். மூன்றில் ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று ஏறும், அதுதான் தலைவலி. ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று இதைவிடக் குறைந்தால், மெக்கானிக்குகள் ரிச் என்பார்களே அது, ஆக்சிஜன் போதாமல் கார்பன் மோனாக்சைடு கொட்டும். சரி, காற்றைக் கூட்டி லீனாக வைப்போம் என்றால் 16 வாக்கில் நைட்ரஜன் ஆக்சைடு உச்சத்துக்குப் போகிறது, ஏனென்றால் அங்கே சூடும் இருக்கிறது, ஆக்சிஜனும் மிச்சம் இருக்கிறது. 18, 20 என்று இன்னும் காற்றைக் கூட்டினால் சூடு தணிந்து அதுவும் இறங்கும். ஆனால் அந்தக் கலவை சாதாரண இன்ஜினில் பிளக்கின் பொறிக்குச் சரியாகப் பற்றாது, பற்றினாலும் பாதியில் அணைந்துபோகும், வண்டி திணறும், எரியாத பெட்ரோல் அப்படியே வெளியே போய் ஹைட்ரோகார்பன் ஏறிவிடும்.

ஆக, சுத்தமாக எரியக்கூடிய கலவை எது என்று தெரியும், அதில் தீ வைக்கத்தான் வழியில்லை.

விறகடுப்பு பற்றவைத்தவர்களுக்கு இது உடனே புரியும். பருத்த கட்டையில் தீக்குச்சியை எவ்வளவு நேரம் காட்டினாலும் பிடிக்காது. அடியில் காய்ந்த பன்னாடையைச் செருகிக் கொளுத்தினால் அந்தத் தீ கட்டையைப் பிடித்துக்கொள்ளும். ஹோண்டா செய்தது இதுதான். ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலும் பெரிய அறைக்குப் பக்கத்தில் குட்டி அறை ஒன்றை வைத்து, ஸ்பார்க் பிளக்கை அந்தக் குட்டி அறையில் பொருத்தினார்கள். அதற்கென்று தனியாக ஒரு சின்ன இன்டேக் வால்வு, அதனால் சிலிண்டருக்கு மூன்று வால்வுகள். கார்புரேட்டரிலும் தனி வழி உண்டு: பெரிய அறைக்கு நல்ல லீன் கலவை, குட்டி அறைக்குக் கொஞ்சூண்டு ரிச் கலவை. பிளக் பொறித்ததும் ரிச் கலவை சட்டென்று பற்றி, அந்தச் சுடர் ஒரு துளை வழியாகப் பெரிய அறைக்குள் பாயும். பொறிக்கு மசியாத லீன் கலவை இந்தச் சுடருக்கு மசிந்துவிடும். பிளக் பக்கம் ரிச், தள்ளிப் போகப் போக லீன் என்று ஒரே சிலிண்டருக்குள் கலவை அடுக்கடுக்காக இருப்பதால்தான் ஸ்ட்ராட்டிஃபைட் என்ற பெயர்.

இப்படி எரிவது நிதானமாக எரிகிறது. உச்ச சூடு குறைவு, எனவே நைட்ரஜன் ஆக்சைடு குறைவு. மொத்தத்தில் காற்று தாராளம், எனவே கார்பன் மோனாக்சைடும் குறைவு. சூடு சீக்கிரம் இறங்காமல் எக்ஸாஸ்ட் வரைக்கும் நீடிப்பதால் மிச்சமிருக்கும் ஹைட்ரோகார்பனும் போகிற வழியிலேயே எரிந்துவிடுகிறது.

1972 டிசம்பரில் மிச்சிகனின் ஆன் ஆர்பரில் அமெரிக்க அரசே சோதித்துப் பார்த்தது. 1975-க்கான வரம்புகளுக்குள் இந்த இன்ஜின் நின்றது, அதுவும் கன்வெர்ட்டர் இல்லாமல். அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளோ முடியாது என்று சொல்லி 1973-இல் ஒரு வருஷ அவகாசம் வாங்கின. சின்ன இன்ஜினில்தான் இதெல்லாம் நடக்கும் என்ற பேச்சும் கிளம்பியது. ஹோண்டா ஒரு செவர்லே இம்பாலாவின் 5.7 லிட்டர் வி8 இன்ஜினுக்குச் சி.வி.சி.சி. தலை செய்து மாட்டியது. அதுவும் தேறிவிட்டது.

இதில் என்னைத் தொட்டது வேறு ஒரு விஷயம். பெரிய கம்பெனிகளோடு சமமாக நிற்க இதுதான் வாய்ப்பு என்று கம்பெனியை நிறுவிய சோய்ச்சிரோ ஹோண்டா பேசியபோது, கம்பெனிக்காக இல்லை, சமூகத்துக்காகத்தான் செய்கிறோம் என்று இளம் பொறியாளர்கள் மறுத்திருக்கிறார்கள். தான் ஓய்வு பெறும் நேரம் வந்துவிட்டதை அப்போதுதான் உணர்ந்ததாக அவரே பின்னால் சொன்னார். 1973-இல் தலைவர் பதவியிலிருந்து விலகினார், அந்த டிசம்பரில் சி.வி.சி.சி. சிவிக் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது.

கேள்வி: இவ்வளவு நல்ல இன்ஜின் ஏன் காணாமல் போனது?

பதில்: நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு இறுகிக்கொண்டே வந்தது, இன்ஜினுக்குள் செய்யும் வேலை மட்டும் அதற்குப் போதவில்லை. இன்னொரு பக்கம் ஈயமில்லாத பெட்ரோல் பரவியதால் கன்வெர்ட்டர் கெடாமல் உழைத்தது. ஆக்சிஜன் சென்சாரும் கம்ப்யூட்டரும் வந்து கலவையைச் சரியாக 14.7-இல் பிடித்துவைத்தன. மூன்று நச்சுகளையும் ஒருசேரக் குறைக்கும் 'த்ரீ-வே' கன்வெர்ட்டருக்கு அதுதான் தேவை, லீன் கலவை ஆகாது. 1980-களோடு சி.வி.சி.சி. விடைபெற்றது. 1996-இல் மிட்சுபிஷி பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சி அதே அடுக்கு யோசனையைத் திரும்பக் கொண்டுவந்தது.

கேள்வி: என்னுடைய பழைய கார்புரேட்டர் காரில் இதை மாற்றிக்கொள்ள முடியுமா?

பதில்: முடியாது. சிலிண்டர் ஹெட், கேம் ஷாஃப்ட், கார்புரேட்டர் எல்லாமே புதிதாகச் செய்யவேண்டும். ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் மாற்றிவிட்டு, பொல்யூஷன் சர்டிஃபிகேட்டில் கார்பன் மோனாக்சைடு அளவைப் பாருங்கள். அப்போதும் அது ஏறியே இருந்தால் கலவை ரிச்சாக ஓடுகிறது, நல்ல மெக்கானிக்கிடம் கார்புரேட்டரை டியூன் பண்ணச் சொல்லுங்கள்.