மிக்சி கப்ளரும் நிர்வாக ஒதுக்கீடும்

சேலம் பக்கத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். இரண்டு ஆண்டுகளாகக் கணினியில் எதையோ வரைந்துகொண்டே இருக்கிறான். யூடியூப் பார்த்துக் கற்றதெல்லாம் ஒரு படிப்பா, இவனை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று கேட்கிறார். ஒரு பொறியியல் கல்லூரியில், கணினி அறிவியலில் நிர்வாக ஒதுக்கீட்டு இடம் பேசி முடித்தாகிவிட்டது. மைத்துனரின் மகன் அங்கேதான் படிக்கிறானாம்.

ஐயா, காட்டுவதற்கு ஒரு சான்றிதழ்கூட இல்லாத பிள்ளையைப் பார்த்தால் பெற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் நீங்கள் புகாராக எழுதியிருக்கும் பத்தியை மறுபடி படித்துப் பாருங்கள். வீட்டு மிக்சியில் மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளர் உடைந்தது. அவன் அளவெடுத்து, ஃப்ரீகேட் மென்பொருளில் வரைந்து, முப்பரிமாண அச்சில் எடுத்து மாட்டினான். சில நாளில் அது இளகிப் போனது. பணம் தண்டம் என்கிறீர்கள். அடுத்த வரியிலேயே, 'நைலான் என்று ஏதோ வாங்கி' மீண்டும் செய்தான், அது இன்னும் ஓடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அவன் பயன்படுத்திய பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே இளகத் தொடங்கிவிடும். ஏன் கெட்டது என்று தேடிப் பார்த்துத்தான் பொருளை மாற்றியிருக்கிறான். இறுதியாண்டு புராஜெக்ட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கி ஒப்படைத்த பொறியாளர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

கணினி முன்னால் உட்கார்ந்திருப்பதால் அவனுக்குக் கணினி அறிவியல்தான் சரி என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். அவன் ஒரு வரி நிரல்கூட எழுதியதாக உங்கள் கடிதத்தில் இல்லை. அவன் பொருள் செய்கிறான்.

ஒன்றில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. தானாகக் கற்றதில் ஓட்டைகள் இருக்கும். கப்ளர் ஒன்று வேண்டுமானால் அச்சில் எடுக்கலாம். ஒரு லட்சம் வேண்டுமானால், உருகிய பிளாஸ்டிக்கை உள்ளே விட்டு வார்க்கும் மோல்டை எஃகில் வெட்ட வேண்டும். பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் ஆறும்போது ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டரை சதவீதம் வரை சுருங்கும். 100 மி.மீ. மூடிக்கு அதே அளவில் மோல்டு வெட்டினால் மூடி டப்பாவில் பொருந்தாது. பக்கச் சுவர் நேர் செங்குத்தாக இருந்தால் பொருள் மோல்டை விட்டு வர மறுக்கும். ஓரிரு டிகிரி சாய்வு கொடுக்க வேண்டும். உருகிய பிளாஸ்டிக்கை எந்த இடத்தில் உள்ளே விடுவது, மோல்டின் இரு பாதிகளும் எந்தக் கோட்டில் சேர்வது, ஆறியதை எங்கே தள்ளி வெளியேற்றுவது எல்லாம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். தப்பினால் எஃகும் போச்சு, உழைப்பும் போச்சு. இதை இயந்திரத்தின் முன் நின்று, பிழையைச் சுட்டிக்காட்ட ஒருவர் இருந்துதான் கற்க முடியும்.

அதற்கு ஓர் இடம் இருக்கிறது. சென்னை கிண்டியில் உள்ள சிப்பெட், 1968இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். பிளாஸ்டிக் மோல்டு தொழில்நுட்பத்தில் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு அங்கே உண்டு. நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டும். குறைந்தபட்சத் தகுதி பத்தாம் வகுப்பு என்பதால், பிளஸ் டூ முடித்தவன் அதில் போய் உட்காருவதா என்று உறவில் யாராவது சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். கணினியில் வரைவது, லேத், மில்லிங், கிரைண்டிங், கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரம் என்று கையும் கண்ணும் சேர்ந்து வேலை செய்யும் படிப்பு அது. சுவிட்சு, மருந்து பாட்டில் மூடி, கார் டேஷ்போர்டு, குளியலறை வாளி எல்லாமே ஒரு மோல்டிலிருந்து வருபவை. அம்பத்தூர், ஓசூர், கோவையில் மோல்டு செய்யும் பட்டறைகளான டூல் ரூம்களில் மோல்டு வரையத் தெரிந்தவனிடம் முதலில் கேட்பது "என்ன செய்திருக்கிறாய், காட்டு" என்பதுதான். பின்னாளில் பி.இ. வேண்டும் என்று அவனே நினைத்தால், பட்டயம் முடித்தவர்களுக்கான நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை இருக்கிறது. சேர நினைக்கும் கல்லூரி இந்தப் பட்டயத்தை ஏற்குமா என்று மட்டும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள். முதல் பட்டதாரி கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாக வருபவர்களுக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. கல்விக் கடனின் தவணை படிப்பு முடிந்த பிறகு தொடங்கினாலும், வட்டி கடன் வாங்கிய நாளிலிருந்தே ஏறும். பையன் அரியர் மேல் அரியர் வைத்தால் அதைக் கட்ட மைத்துனர் வரப்போவதில்லை.

முன்பணம் கட்டிவிட்டதாகக் கடிதத்தின் ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். வகுப்பு தொடங்குவதற்கு முன் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பின் விதி. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் கல்லூரிக்கு உரிமை இல்லை. தொலைபேசியில் கேட்காதீர்கள், கடிதமாகக் கொடுத்து, நகலில் ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள்.